காசு கொடுத்து வாங்கின டிவிடியும், அஞ்சு தடவை மட்டும் திறக்குற பூட்டும்

ரொம்ப நாளா கடைப்பக்கமே வரல. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு ஒரு பொய் சொல்லலாம். உண்மையான காரணம் சோம்பேறித்தனம் தான். இன்னிக்கு தூசி தட்டி உட்கார வச்சது கோபம். யார் மேலன்னு கேட்டீங்கன்னா, ஒரு டிவிடி மேல!

"இந்தக் காலத்துல எவன்யா டிவிடி பாக்குறான்"னு நீங்க முணுமுணுக்குறது இங்க வரைக்கும் கேக்குது. எங்கப்பா பாக்குறாரு. அவருக்கு 79 வயசு. அவருக்காகத் தான் இந்தப் பதிவு. கூடவே, பீரோவுக்கு மேல அட்டைப்பெட்டியில டிவிடி போட்டு வச்சிருக்கிற உங்க எல்லாருக்காகவும்.

சரி, கொசுவத்திச் சுருளை சுத்த விடுறேன். வருஷம் 2006. கம்பெனி புண்ணியத்துல ஆறு மாசம் லண்டன் வாசம். திரும்பி வரும்போது அப்பாவுக்கு என்ன வாங்குறதுன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டு இருந்தேன். சட்டை வாங்கினா "எதுக்குப்பா"ம்பாரு. வாட்ச் வாங்கினா பீரோவுல வச்சுப் பூட்டிருவாரு. அவரு வாலிப வயசுல மெட்ராஸ்ல ஒரு திரைப்படச் சங்கத்துல சத்யஜித் ராயோட 'பதேர் பாஞ்சாலி' பாத்திருக்காரு. அதைப் பத்தி எங்க வீட்ல குறைஞ்சது இருநூறு தடவை கதை கேட்டிருக்கோம். அங்க ஒரு கடையில 'பதேர் பாஞ்சாலி', 'அபராஜிதோ', 'அபூர் சன்சார்'னு அப்புவோட மூணு படமும் ஒரே பெட்டியில இருந்துச்சு. விலையை ரூபாயில கணக்குப் போட்டுப் பாத்துட்டு ரெண்டு தடவை கடையை விட்டு வெளிய வந்து, மூணாவது தடவை வாங்கிட்டேன்.

மதுரை வந்து இறங்கின அன்னிக்கு சாயங்காலமே நம்ம பொட்டியில (எக்ஸ்பி போட்ட அசெம்பிள்டு பொட்டி) முதல் டிஸ்க்கை உள்ள தள்ளினேன். படம் வரல, ஒரு சின்ன ஜன்னல் தான் வந்துச்சு. 'இந்த டிஸ்க் ரீஜன் 2. உங்க டிரைவ் ரீஜன் 5. மாத்தணுமா? இன்னும் 4 தடவை தான் மாத்தலாம்.' அப்பா பக்கத்துல நாற்காலி போட்டு, கண்ணாடியைத் தொடைச்சு மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. யோசிக்கவா முடியும்? 'சரி'ன்னு அமுக்கிட்டேன். பதேர் பாஞ்சாலி ஓடுச்சு. மனுஷன் ரெண்டு மணி நேரம் அசையல.

மறுநாள் அக்கா பையன் வந்தான். அவன் கையில இங்க வாங்கின ஒரு கார்ட்டூன் பட டிவிடி. அது ரீஜன் 5. மறுபடி அதே ஜன்னல், மறுபடி 'சரி'. அடுத்த ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு அபராஜிதோ, ரீஜன் 2. அதுக்கு மறுநாள் அக்கா பையன், மறுபடி ரீஜன் 5. அதோட கதை முடிஞ்சுது. மீதம் பூஜ்யம். டிரைவ் ஆயுசுக்கும் ரீஜன் 5-லயே நின்னுருச்சு. மூணாவது படம் அபூர் சன்சார் உள்ள போகும், சுத்தும், வெளிய வரும். அவ்வளவு தான். அவ்வ்வ்...

வீட்ல இருந்தது பழைய விசிடி பிளேயர், அதுல டிவிடி ஓடாது. எனக்கும் அப்ப விவரம் பத்தல. "பாத்துக்கலாம்ப்பா"ன்னு சொல்லிட்டு சென்னைக்கு பஸ் ஏறிட்டேன். அப்பாவும் அதுக்கப்புறம் கேக்கவே இல்ல.

போன மாசம் மதுரை வீட்டைக் காலி பண்ணி அப்பாவை எங்களோட கூட்டிக்கிட்டு வந்தோம். சாமான் பிரிக்கும்போது அந்தப் பெட்டி வந்துச்சு. அப்பா அதைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு சொன்னாரு, "இதுல மூணாவது படம் நான் பாக்கவே இல்லப்பா."

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைக்கிறீங்க? தங்கமணி வேற, "ஏங்க, அப்பா இத்தனை வருஷமா மனசுலயே வச்சிருந்திருக்காருங்க"ன்னு எரியுற கொள்ளியில நெய்யை ஊத்தினாங்க.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க மக்கா. படம் எடுத்தவர் கல்கத்தாக்காரர். கதை வங்காளத்துக் கிராமத்துல ஆரம்பிக்குது. காசு கொடுத்து வாங்கினவன் இந்தியன். பாக்க ஆசைப்பட்டவரும் இந்தியர். ஆனா இந்தியாவுல இருக்குற பொட்டியில அது ஓடக்கூடாதுன்னு ஒரு பூட்டு. இந்தக் கொடுமையை எங்க போய்ச் சொல்ல?

மேட்டருக்கு வருவோம். இந்தத் தடவை விடுறதில்லன்னு உட்கார்ந்து நோண்டினதுல நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன். டிவிடி ஓடலன்னா நாம உடனே டிஸ்க்குல கீறல்னு நினைச்சு பனியன் துணியை எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சிடுவோம். முதல்ல நோய் என்னன்னு பாக்கணும். வியாதி நாலு வகை.

1. டீகோடர் இல்லாத வியாதி: இது பூட்டே இல்ல. டிவிடியில படம் எம்பெக்-2ங்கிற முறையில இருக்கும். அதைப் பிரிச்சுக் காட்ட பொட்டிக்கு மென்பொருள் வேணும். எக்ஸ்பியில அது கிடையாது, தனியா ஒரு பிளேயர் போடணும். விண்டோஸ் 7-ல சில பதிப்புகள்ல கூடவே வந்துச்சு. 2012-ல விண்டோஸ் 8 வந்தப்ப அதைத் தூக்கிட்டாங்க. விண்டோஸ் 10, 11லயும் சும்மா வராது. அதனால புது லேப்டாப்புல டிவிடி ஓடலன்னா டிஸ்க்கைத் திட்டாதீங்க, வீஎல்சி பிளேயரைப் போடுங்க. இலவசம்.

2. ரீஜன் வியாதி: உலகத்தை ஆறு கூறா போட்டு வச்சிருக்காங்க. அமெரிக்கா, கனடா 1. ஐரோப்பா, ஜப்பான் 2. சிங்கப்பூர், ஹாங்காங், கொரியா பக்கம் 3. ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா 4. இந்தியா, ரஷ்யா, ஆப்பிரிக்காவுல பெரும்பகுதி 5. சீனா 6. 2000-க்கு முன்னாடி வந்த பல டிரைவுகள்ல இதை மென்பொருள் தான் சோதிக்கும், டிரைவ் கண்டுக்காது. 2000-லேர்ந்து டிரைவுக்குள்ளயே ரீஜனைப் பதிய வச்சுட்டாங்க. அஞ்சே தடவை தான் மாத்தலாம். விண்டோஸைத் திரும்பப் போட்டாலும், ஹார்ட் டிஸ்க்கையே மாத்தினாலும் எண்ணிக்கை மாறாது. ஏன்னா கணக்கு எழுதி வச்சிருக்குற நோட்டு டிரைவோட வயித்துக்குள்ள இருக்கு. 2006-ல இது தெரியாம விண்டோஸை ரெண்டு தடவை திரும்பப் போட்ட அறிவாளி தான் நான் (ஹி..ஹி..).

3. சாவி வியாதி: இது தான் அசல் பூட்டு. பேரு சிஎஸ்எஸ். டிவிடி பிறந்த 1996-லேயே கூடப் பிறந்தது. டிஸ்க்கைத் திறந்து பாத்தா கோப்புகளோட பேரெல்லாம் நல்லா தெரியும். ஆனா படம் இருக்குற விஓபி கோப்புகளுக்குள்ள தகவலைக் குழப்பி வச்சிருப்பாங்க. அதைத் தெளிய வைக்கிற சாவி, டிஸ்க்கோட உள் ஓரத்துல, சாதாரணமா கோப்பு படிக்கிற வழியில எட்டாத இடத்துல இருக்கும். பிளேயரும் டிரைவும் ஒண்ணுக்கொண்ணு 'நீ நம்மாளு தானா'ன்னு கேட்டு, கை குலுக்கினதுக்கு அப்புறம் தான் சாவி கை மாறும். அதனால தான் கோப்புகளை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டா, ஒண்ணு 'பிரதிப் பாதுகாப்புப் பிழை'ன்னு நிக்கும். இல்ல, நகல் எடுத்த மாதிரி எடுத்துட்டு, ஓட விட்டா பச்சையும் ரோஸும் கலந்த கட்டம் கட்டமா ஹோலி கொண்டாடும். அந்த ஹோலியைப் பாத்தா டிஸ்க் கெட்டுப் போச்சுன்னு நினைக்காதீங்க. டிஸ்க் நல்லா இருக்கு, சாவி வரல.

இதுலயே ஒரு கிளை வியாதியும் உண்டு. சில டிஸ்க்குகள்ல வேணும்னே படிக்க முடியாத பகுதிகளை அங்கங்க வச்சிருப்பாங்க. ஒழுங்கா படம் பாத்தா பிளேயர் அந்தப் பக்கமே போகாது. நகல் எடுக்குற மென்பொருள் முதல்லேர்ந்து கடைசி வரை வரிசையா படிக்குமில்ல, அது போய் அந்தப் பள்ளத்துல விழுந்துடும். இன்னும் சிலதுல, உள்ள 99 படம் இருக்குற மாதிரி பொய்க் கணக்கு காட்டும். உண்மையில ஒரே படம் தான்.

4. நிஜமான கீறல், இல்ல வயசு: மேல சொன்ன பூட்டு வியாதிகள் ஆரம்பத்துலயே, எப்பவும் ஒரே மாதிரி தகராறு பண்ணும். கீறல் அப்படி இல்ல. படம் நல்லா ஓடிக்கிட்டு இருக்கும், ஒரு இடத்துல டிரைவ் 'கர்ர்ர்'னு உறுமும், படம் திக்கும், நிக்கும். துடைக்கணும்னா மெத்துன்னு இருக்குற துணியால நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா நேர்க்கோட்டுல துடைங்க. வட்டமா தேய்க்காதீங்க. ஏன்னா தகவல் வட்டமா தான் எழுதியிருக்கு. அந்த வட்டத்தோடயே கீறல் விழுந்தா அப்புறம் தொடர்ச்சியா ஒரு பெரிய துண்டு போயிடும். நடுவுல ஒரு நொடி மட்டும் நின்னு, தானே ஓடினா பயப்படாதீங்க. 8.5 ஜிபி டிஸ்க்குல ரெண்டு அடுக்கு இருக்கும், முதல் அடுக்குலேர்ந்து ரெண்டாவதுக்குத் தாவுற இடம் அது.

இதை வச்சு எங்க வீட்டு நோயாளியைச் சோதிச்சேன். லேப்டாப்புல டிரைவே கிடையாது, அதனால யூஎஸ்பியில மாட்டுற டிரைவ் ஒண்ணு வாங்கினேன். வீஎல்சி போட்டேன். முதல் ரெண்டு படமும் ரீஜன் கீஜன் எதுவும் கேக்காம ஓடிருச்சு! அட, 2006-லயும் வீஎல்சி இருந்துச்சே, அப்பவே தெரிஞ்சிருந்தா... போகட்டும்.

வீஎல்சி எப்படி இதைச் செய்யுதுன்னா, அதுக்குள்ள லிப்டிவிடிசிஎஸ்எஸ்னு ஒரு சின்ன நிரல் தொகுதி இருக்கு. டிரைவ் சாவி கொடுத்தா வாங்கிக்கும். ரீஜன் பொருந்தலன்னு டிரைவ் சாவி தர மறுத்தா, குழம்பிக் கிடக்குற தகவலையே பாத்து சாவியைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சிடும். சாவியோட நீளம் வெறும் 40 பிட், அதுலயும் வடிவமைப்புல ஓட்டை, அதனால இன்னிக்கு இருக்குற பொட்டிக்கு அது பெரிய வேலையே இல்ல. (சில டிரைவுகள் ரீஜன் பொருந்தலன்னா தகவலையே தராது. அப்படி ஒண்ணு வாய்ச்சா வேற டிரைவ் தான் கதி.)

அப்ப மூணாவது டிஸ்க்? ஆரம்பிச்சுது, நல்லா ஓடுச்சு. பாதிக்கு மேல போனதும் 'கர்ர்ர்'. நாலாவது வியாதி. இத்தனை வருஷம் மதுரை வெயில்ல பீரோ மேல இருந்த டிஸ்க். வெளிய கீறல் பெருசா இல்ல, வயசு தான். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் வேற வேற இடத்துல திக்குது. உடனே ஒரு நகல் எடுத்து வைக்கலன்னா இதுவும் போயிடும்னு புரிஞ்சுது.

இப்ப தான் நான் சொல்ல வந்த விஷயம். சாகக் கிடக்குற டிஸ்க்கைக் காப்பாத்த ஒரே வழி நகல். ஆனா அந்தப் பூட்டு போட்டதே நகல் எடுக்கக் கூடாதுன்னு தான்.

கடைசியில, லினக்ஸ்ல ஒரு பென் டிரைவ் தயார் பண்ணி பொட்டியைக் கிளப்பினேன். முதல்ல வீஎல்சியில டிஸ்க்கை அரை நிமிஷம் ஓட விட்டு டிரைவைக் கை குலுக்க வச்சேன். அது நடக்கலன்னா பூட்டின பகுதிகளை டிரைவ் படிக்கவே விடாது. அப்புறம் டிடிரெஸ்க்யூங்கிற மென்பொருளை ஏவி விட்டேன். அது நல்லா இருக்குற பகுதிகளை முதல்ல அள்ளிக்கும், கெட்ட பகுதிகளுக்குப் பொறுமையா திரும்பத் திரும்ப வரும். ராத்திரி பூரா ஓடுச்சு. காலையில முழு டிஸ்க்கும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பா ஹார்ட் டிஸ்க்குல. கொஞ்சூண்டு மட்டும் போயிருந்துச்சு. அந்தக் கோப்புக்குள்ள தகவல் இன்னும் குழம்பின நிலையில தான் இருக்கு, ஆனா வீஎல்சி சாவியைத் தானே கணக்குப் போட்டு ஓட்டிடுச்சு.

இனிமே என் கருத்து. பிடிக்காதவங்க வந்து கும்மலாம்.

இந்தப் பூட்டு திருடனை நிறுத்தவே இல்ல. நிறுத்தவும் முடியாது. யோசிச்சுப் பாருங்க, தொழிற்சாலையில ஆயிரக்கணக்குல அச்சடிச்சு விக்கிற திருடனுக்கு பூட்டை உடைக்க வேண்டிய அவசியமே இல்ல. பூட்டையும் சாவியையும் சேர்த்து அப்படியே பிட்டுக்குப் பிட் அச்சடிச்சா போதும், எல்லா பிளேயர்லயும் ஓடும். கடையில நாம வாங்குற எழுதும் டிவிடியில தான் சாவி எழுதுற இடத்தை முன்கூட்டியே அடைச்சு விக்கிறாங்க. ஆக பூட்டு யாருக்கு? வீட்ல ஒரே ஒரு நகல் எடுத்து வைக்க நினைக்கிற எனக்கும் உங்களுக்கும்.

நம்ம ஊர்க் கதையையே எடுத்துக்குங்க. தமிழ்ப் படத்துக்குத் திருட்டு விசிடி எங்கேர்ந்து வந்துச்சு? பல நேரம் தியேட்டர்ல கேமராவை மறைச்சு வச்சு எடுத்தது. அந்தத் திருட்டை சிஎஸ்எஸ் எப்படித் தடுக்கும்? 2004-ல தமிழ்நாட்டுல வீடியோ திருடர்களைக் குண்டர் சட்டத்துக்குள்ளயே கொண்டு வந்தாங்க. அப்பவும் பர்மா பஜார்ல வாங்கின டிஸ்க் எந்தப் பொட்டியில போட்டாலும் கேள்வி கேக்காம ஓடுச்சு. லண்டன்ல பில் போட்டு வாங்கின டிஸ்க் தான் என்கிட்ட பாஸ்போர்ட் கேட்டுச்சு. நியாயமா வாங்கினவனுக்கு மட்டமான சரக்கு, திருடினதை வாங்கினவனுக்கு நல்ல சரக்கு. இதை விட சூப்பரா திருட்டுக்கு விளம்பரம் யாராலயும் செய்ய முடியாது.

எங்களை மாதிரி ஆளுங்களைக் கடைக்கு வர வச்சது பூட்டு இல்ல, விலை. 2007-ல மோசர் பேர் விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் விக்க ஆரம்பிச்சப்ப நினைவிருக்கா? பெட்டிக் கடையில கூட தொங்குச்சு. எங்க வீட்ல திருட்டு விசிடி வாங்குறது நின்னது அப்ப தான். போலீசுக்குப் பயந்து இல்ல. இந்த விலைக்கு நல்ல சரக்கே கிடைக்கும்போது எவன் போய் தலை மறைக்குற பிரிண்டை வாங்குவான்? அந்தக் கம்பெனி அப்புறம் கடன்ல மூழ்கினது வேற கதை.

"அப்ப தயாரிப்பாளர் நாசமாப் போகட்டுமா"ன்னு ஒரு நண்பர் கேட்டாரு. நியாயமான கேள்வி. கடனை வாங்கிப் படம் எடுத்தவன் வயித்துல அடிக்கிறதை நான் எந்த நாளும் ஆதரிக்க மாட்டேன். நகல் எடுத்து விக்கிறவனைப் பிடிங்க, உள்ள போடுங்க. நான் சொல்றது, பூட்டு ஒரு வீட்டுக்குப் போடணும்னா திருடன் வர்ற வாசல்ல போடுங்க, வாடகை ஒழுங்கா கொடுக்குறவனோட சமையலறையில போடாதீங்க.

இந்தப் பூட்டு உடைஞ்ச கதையும் இதையே தான் சொல்லுது. 1999 அக்டோபர்ல டிசிஎஸ்எஸ்னு ஒரு நிரல் வெளிய வந்துச்சு. அதுல பங்கிருந்த யோன் லெக் யோஹான்சன் நார்வே நாட்டுப் பையன், அப்ப டீன் ஏஜ். லினக்ஸ்ல டிவிடி பாக்க வழி இல்லாததால தான்னு அவர் தரப்பு சொல்லுச்சு. கேஸ் போட்டாங்க. 2003 ஜனவரியில விடுதலை. அப்பீல் போனாங்க, அதே வருஷம் டிசம்பர்ல மறுபடி விடுதலை. காசு கொடுத்து வாங்கின டிஸ்க்கைத் திறந்து பாக்க அவருக்கு உரிமை இருக்குன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. அமெரிக்காவுல கதை தலைகீழ். அங்க 1998 சட்டப்படி, அந்த நிரலை வெளியிட்டதுக்காக 2600ங்கிற பத்திரிகை மேல கேஸ் போட்டு 2000-ல ஜெயிச்சாங்க. பல லினக்ஸ் பதிப்புகள்ல லிப்டிவிடிசிஎஸ்எஸ் கூடவே வராம, நாமளா போய்ச் சேர்த்துக்க வேண்டியிருக்கிறது இந்த மாதிரி சட்டப் பயத்தால தான். ஆக பூட்டு முழுசா வேலை செஞ்சது மூணு வருஷம். அதுக்கப்புறம் இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேலா, விவரம் தெரியாத வாங்கினவனை மட்டும் தொல்லை பண்ணிக்கிட்டு இருக்கு.

நம்ம நாட்டுல? 2012-ல காப்புரிமைச் சட்டத்துல 65ஏன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. உரிமையை மீறுற நோக்கத்தோட பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. 'நோக்கத்தோட'ங்கிற அந்த வார்த்தை முக்கியம். அந்தச் சட்டம் வெளிப்படையா தடை பண்ணாத காரியத்துக்காகன்னா இந்தப் பிரிவு குறுக்க வராதுன்னும் அதுலயே போட்டிருக்கு. சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு அதே சட்டத்துல 52-வது பிரிவு இடம் கொடுக்குது. அதாவது நம்மாளுங்க திருடனையும் வாங்கினவனையும் வேற வேறயா பாக்கணும்னு நினைச்சு எழுதியிருக்காங்க. எனக்கு இது பிடிச்சிருக்கு. சட்டத்துக்கு இருக்குற இந்த அறிவு டிரைவுக்குள்ள இருக்குற சில்லுக்கு இல்லங்கிறது தான் என் வருத்தம்.

கடைசியா ஒண்ணு. அப்பு படங்களோட அசல் நெகட்டிவுக்கு என்ன ஆச்சு தெரியுமா? 1993-ல லண்டன்ல ஒரு ஃபிலிம் லேப்ல தீ விபத்து. எரிஞ்சு சுருங்கிப் போச்சு. 2015-ல அந்த மூணு படத்தையும் புதுப்பிச்சு வெளியிட்டாங்க. எரிஞ்சதுல தேறினதைப் பிரிச்சு எடுத்து, தேறாத இடத்தையெல்லாம் உலகத்துல அங்கங்க பத்திரமா இருந்த நகல்கள்லேர்ந்து நிரப்பினாங்க. அபூர் சன்சாரோட நெகட்டிவ் தேறவே இல்ல, அதை நகல்கள்லேர்ந்து தான் மீட்டாங்க. எங்கப்பா பாக்காம விட்ட அதே படம்! யாரோ, எங்கயோ, நகல் எடுத்து வச்சதால தான் அது இன்னிக்கு உயிரோட இருக்கு. தமிழோட முதல் பேசும் படம் 1931-ல வந்த 'காளிதாஸ்'. அதுக்கு ஒரு பிரதி கூட மிஞ்சல. நகல் இல்லன்னா என்ன ஆகும்னு இதுக்கு மேலயா விளக்கணும்?

டிவிடியும் அப்படித் தான். இன்னும் எத்தனையோ நல்ல தமிழ்ப் படங்கள், கச்சேரிகள், நாடகங்கள் ஏதோ ஒரு வருஷம் டிவிடியில வந்ததோட சரி. போட்ட கம்பெனி மூடியிருக்கும், ஓடிடியில தேடினாலும் வராது. உங்க பீரோ மேல இருக்குறது தான் கடைசிப் பிரதியா கூட இருக்கலாம். அதனால இந்த வாரக் கடைசியில பெட்டியை இறக்குங்க. ஒவ்வொண்ணா ஓட்டிப் பாருங்க. திக்குறதை முதல்ல காப்பாத்துங்க. எடுத்த நகலை நெட்ல ஏத்தாதீங்க, விக்காதீங்க, உங்க வீட்டு ஹார்ட் டிஸ்க்குல வைங்க. அது போதும்.

போன ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு அபூர் சன்சார் போட்டோம். லேப்டாப்பை டிவியில மாட்டி, பெரிய திரையில. நடுவுல ரெண்டு இடத்துல ஒரு நொடி கட்டம் கட்டமா வந்துச்சு. "என்னப்பா இது?"ன்னாரு. "டிஸ்க்கு கொஞ்சம் கெட்டுப் போச்சுப்பா"ன்னேன். "பரவால்ல, நாங்க பாத்த பிரிண்ட்ல மழையே பெய்யும்"னுட்டு திரும்பிட்டாரு. கடைசிக் காட்சி முடிஞ்சதும் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. எதுக்குன்னு நான் கேக்கல.

அப்புறம், "முதல் படத்தை மறுபடி போடுறியா?"ன்னாரு. தங்கமணி என்னைப் பாத்து சிரிக்கிறாங்க. அந்த டிஸ்க்கையும் நகல் எடுத்தாச்சுல்ல :-)

பி.கு. 1: உங்க வீட்ல எத்தனை டிவிடி செத்திருக்கு, எது பூட்டால, எது வயசால? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

பி.கு. 2: அக்கா பையன் இப்ப பெங்களூர்ல மென்பொருள் எழுதுறான். இந்தக் கதையை போன்ல சொன்னேன். "மாமா, அந்தக் கார்ட்டூன் படம் இன்னும் இருக்கா?"ன்னு கேக்குறான். உருப்பட்ட மாதிரி தான்!